குழி தோண்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் பிட்டின் நுனியைப் பாருங்கள்

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் வேலிக்கால் ஊன்றவோ மரக்கன்று வைக்கவோ பெட்ரோல் மெஷின் வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உறைந்துபோன ஏரியில் மீன் பிடிப்பதற்காகப் பனிக்கட்டியைத் துளைக்கச் செய்த பிட்டை (மெஷினுக்கு அடியில் மாட்டுகிற, சுழன்று துளை போடும் சுருள் கம்பி), மண் தோண்டும் பிட் என்று சொல்லி எங்கள் பகுதியில் விற்கிறார்கள். எனக்கு விற்றார்கள். அதே கடையில் வாங்கிய இன்னொருவர் தோப்பிலும் அதே பிட்டைப் பார்த்தேன். தெரியாமல் மாறிப்போன ஒரு பெட்டி என்று இதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்துப் போட்டதிலிருந்து இந்தப் பக்கம் எல்லோர் தோப்பிலும் கதை ஒன்றுதான். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தி, புதுத் தென்னம்பிள்ளை வைத்து, ஆடு மாட்டிலிருந்து அதைக் காப்பாற்ற வேலி போட வேண்டும். ஓரத்தில் தேக்கு, மலைவேம்பு என்று நாலு காசு வருகிற மரமும் வைக்க வேண்டும். குழி வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அந்த நெருக்கடியைத்தான் இந்தக் கடைக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கடைக்குப் பின்னால் தண்ணீர் விட்டு ஊறவைத்த பொலபொல மண்ணில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த மெஷினில் இருந்தது நல்ல மண் பிட், அதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பெட்டியில் இருந்தது வேறு. 8 அங்குலப் பிட், பளபளவென்று பெயின்ட், அடியில் இரண்டு பட்டையான பிளேடு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியில் மீன் படம்! உடனே கடைக்குப் போன் போட்டேன். "அண்ணே, அது எக்ஸ்போர்ட் குவாலிட்டிண்ணே. ஐஸையே ஓட்டை போடுற பிட்டு, மண்ணு எம்மாத்திரம்?" என்றார் கடைக்காரர். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது.

என் தங்கை மகன் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறான். வீடியோ காலில் பிட்டைக் காட்டினேன். "மாமா, இதை மண்ணுல வைக்கவே கூடாது. இங்க கரையோரம் ஐஸ்ல கொஞ்சம் மணல் கலந்திருந்தாலே பிளேடு போயிடும்" என்றான். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் ஏரி கெட்டியாக உறைந்துவிடும். நல்ல தெளிந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். வின்னிபெக் ஏரியில் அது 3 அடி வரைக்கும்கூடப் போகும். அதில் ஓட்டை போட்டு, தூண்டிலை இறக்கி மீன் பிடிக்கிறார்கள். சின்ன மீனுக்கு 6 அங்குல ஓட்டை, பெரிய மீனுக்கு 8, 10. அந்த ஊருக்கு அது அருமையான கருவி. பிளேடு சவரக்கத்தி போலக் கூராக இருக்க வேண்டும் என்பதால்தான் அந்த மூடியே.

ஐஸ் முழுக்க ஒரே சீரான பொருள். கல் கிடையாது, வேர் கிடையாது. அதனால் அந்தப் பிளேடு மெல்லிசாகச் சீவிக்கொண்டே போகும், சீவல் சுருள் வழியாக மேலே வந்துவிடும். மண்ணுக்கு வேண்டியது வேறு. நடுவில் ஒரு கூர்முனை முதலில் இறங்கிப் பிட்டை நகரவிடாமல் பிடிக்க வேண்டும். அதைச் சுற்றிக் கடினமான எஃகுப் பற்கள் மண்ணை உடைக்க வேண்டும். சுருள் தகடும் தடிமனாக இருக்க வேண்டும். வேகத்தைவிட இழுவைதான் முக்கியம். எஞ்சின் நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுற்றினாலும், 30-க்கு 1 கியர் பாக்ஸ் அதைக் கிட்டத்தட்ட 230 சுற்றாக இறக்கி, அந்த அளவுக்கு இழுவையைக் கூட்டிக் கொடுக்கும்.

எங்கள் தோப்பு புதுஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனம். செம்மண், ஒரு அடிக்குக் கீழே சரளை. அந்த ஐஸ் பிட் சரளையில் பட்டதும் இறங்காமல் வழுக்கி வட்டமடிக்க ஆரம்பித்தது. பழைய மரங்களின் வேர் நார் சுருளில் சுற்றிக்கொண்டது. பிளேடு மழுங்கி, ஒன்றின் போல்ட் தெறித்தது. கிளட்ச் கருகிய வாசனை வந்தது. கல்லில் சிக்கிய நேரத்தில் மெஷினே திரும்பி, பிடித்திருந்த தம்பிக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய கோபம். கூலிக்கு வந்த பிள்ளை, கையில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் சம்பளத்துக்குக் கடைக்காரர் பதில் சொல்வாரா? மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில் நல்ல பிட்டே ஈரம் அதிகமானால் ஒட்டிக்கொண்டு மேலே வராது. இதை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் வெளியே வந்தது. ஸ்பிரேயர் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்கிடம் கொடுத்தபோது சிலிண்டரைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தார். உள் விட்டம் 44 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 34. கணக்குப் போட்டால் 52 சிசிக்குக் கொஞ்சம் கீழே வரும். ஸ்டிக்கரில் 63 சிசி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 63-க்கு உண்டான விலையைத்தான் வாங்கினார்கள், 16,500 ரூபாய். 52 சிசி மோசமான எஞ்சின் என்று நான் சொல்லவில்லை. 6 அங்குல வேலிக்குழிக்கு அது போதும். 52-ஐக் கொடுத்து 63-க்குக் காசு வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவே இல்லை. பிட்டை மாற்றிக் கேட்டால், ஓட்டியதை எடுக்க மாட்டோம், வேண்டுமானால் மண் பிட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதற்கும் ஒரு விலை சொன்னார்கள். கடைசியில், "விவசாயத்துக்கு வாங்கினது தொழில் கணக்குண்ணே, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்றார் கடைக்காரர்.

அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிகப் பயன்பாட்டில் சேராது என்று தெளிவாகவே இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், நான் செய்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் பணம் யூபிஐயில் போனதற்கும், கடைக்காரர் அனுப்பிய மெசேஜுக்கும் ஆதாரம் இருக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஓட்டிக் காட்டிய அதே பிட்டைத் தரச் சொல்லுங்கள், பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். அடியில் நடு முனையும் பற்களும் இல்லாமல் இரண்டு தட்டைப் பிளேடு மட்டும் இருந்தால் கையில் வாங்காதீர்கள். கியர் விகிதத்தைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் ரிப்பேரும் செய்யத் தெரியாது. சிசி, பிட் அளவு, "மண் பிட்" என்ற சொல், மூன்றும் பில்லில் இருக்கட்டும். முடிந்தால் உங்கள் தோப்பு மண்ணிலேயே ஒரு குழி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் பிடிக்கிற கைப்பிடி உள்ள மாடல் சரளை மண்ணுக்கு நல்லது.

அப்புறம், தென்னம்பிள்ளைக் குழிக்கென்று இந்தக் கைமெஷினை வாங்கவே வேண்டாம். 3 அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி 8 அங்குலப் பிட்டால் ஆகிற வேலை இல்லை. அதற்கு டிராக்டரோ ஜேசிபியோ வாடகைக்கு எடுப்பதே மேல். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் மெஷின்கள் என்னென்ன என்று உழவன் செயலியில் பார்க்கலாம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்குமதிப் பெட்டி என்றால் எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தது, அவர் முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். என் பெட்டியில் மீன் படத்தைத் தவிர எதுவும் இல்லை. அதைத் தனிப் புகாராகத் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளரிடம் கொடுக்கலாம். பெட்டியின் நாலு பக்கமும், பிட்டின் அடிப்பாகமும், எஞ்சின் ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.