பெட்டியில் ‘4கே’ என்று அச்சிட்டிருந்ததை நம்பிக் கேம்கார்டர் வாங்கி ஏமாந்தேன்

வீட்டுக்குள்ளேயே ஒரு குறும்படம் எடுப்பதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கேம்கார்டரையும் இரண்டு எல்.இ.டி. பேனல் விளக்குகளையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். இரண்டிலுமே ஏமாற்றப்பட்டேன். குறைந்த செலவில் படமெடுக்க முனைபவர்களுக்கு இப்படி ஒரு முறை பணம் போனால் மறுபடி சேர்ப்பது எளிதல்ல என்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் ‘4கே’, ‘48 மெகாபிக்சல்’, ‘16 மடங்கு ஜூம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விற்பனையாளர் கேமராவைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நல்ல வெயிலில் எதிரே நின்ற மரத்தைப் படம்பிடித்து, கேமராவின் சிறிய திரையிலேயே போட்டுக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. மட்டமான கேமராவும் வெயிலில் ஓரளவு நன்றாக எடுத்துவிடும் என்பதும், உள்ளங்கையளவு திரையில் குறைகள் கண்ணுக்குத் தெரியாது என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் இரவு, என் அத்தை நாற்காலியில் அமர்ந்து ஒரு பழைய கடிதத்தைப் படிக்கும் காட்சியை எடுத்தோம். கணினியில் போட்டுப் பார்த்தபோது அவருடைய நரைமுடி இழை இழையாகத் தெரியாமல் ஒரே சாம்பல் திட்டாக இருந்தது. பின்சுவரின் நிழல் பகுதியெங்கும் புள்ளிகள் கொதிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தன. உண்மையான 4கே படத்தில் 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள் இருக்க வேண்டும். இந்தக் கேமரா எடுப்பதோ 1920-க்கு 1080, ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள்தான். அதை உள்ளிருக்கும் மென்பொருள் நான்கு மடங்காக இழுத்துப் பெரிதாக்கி, 4கே என்ற பெயரில் சேமிக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், மிகப் பொடி எழுத்தில், ‘இன்டர்போலேட்டட்’ என்ற ஒற்றைச் சொல்லாக இந்த உண்மை ஒளிந்திருந்தது. ஜூம் செய்யும்போது லென்ஸின் கண்ணாடி துளியும் நகரவில்லை என்பதையும் பிறகுதான் கவனித்தேன். பதினாறு மடங்கும் டிஜிட்டல் ஜூம், அதாவது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

விளக்குகளின் கதை இன்னும் வருத்தமானது. நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. அளவு 95-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆனால் அத்தையின் முகத்தில் பச்சை படிந்தது. அவர் போர்த்தியிருந்த சிவப்புச் சால்வை பழுப்பாகத் தெரிந்தது. மலிவான எல்.இ.டி.களில் சிவப்பு ஒளி போதாமல் இருப்பதால் வரும் கோளாறு இது; பின்னர் கணினியில் நிறத்தை எவ்வளவு திருத்தினாலும் முகம் முழுமையாக மீளவில்லை. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்ததும் படத்தில் கிடைமட்டக் கோடுகள் ஓடத் தொடங்கின. இத்தகைய விளக்குகள் பாதி வெளிச்சத்தைத் தருவதற்கு, மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பதைக் குறிக்கும் ஷட்டர் வேகத்தை நாமே மாற்ற முடிந்தால் கோடுகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். நான் வாங்கிய கேமராவில் அந்த வசதியே கிடையாது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, சீல் உடைந்துவிட்டது என்பதை மட்டுமே விற்பனையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். சீலை உடைக்காமல் ஒரு கேமராவை எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் உங்கள் மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். கடைக்குள், வெளிச்சம் குறைந்த மூலையில் ஒருவரை நிறுத்தி, ஒரு நிமிடம் படம்பிடித்து, வீட்டுக் கணினியில் முழு அளவில் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம். மெகாபிக்சலைக் கேட்காமல், ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் அளவையும், ஜூம் ஆப்டிகலா, அதாவது லென்ஸின் கண்ணாடியே நகர்ந்து பெரிதாக்குவதா என்பதையும், ஷட்டரையும், விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸையும் கையால் மாற்ற முடியுமா என்பதையும், வெளி மைக் செருக இடம் உண்டா என்பதையும் கேளுங்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் பழைய கேம்கார்டர், வெறும் 1080 அளவில் எடுத்தாலும், இத்தகைய போலி 4கே கேமராவைவிடப் பல மடங்கு மேல். விளக்கைப் பாதி வெளிச்சத்தில் எரியவிட்டு, செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். துடிப்பு இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். தோலின் நிறம் பச்சையாக மாறுகிறதா என்று அறிய, உங்கள் உள்ளங்கையையும் அந்த வெளிச்சத்தில் படம்பிடித்துப் பாருங்கள்.

அதே காட்சியைச் சென்ற வாரம் இரவல் வாங்கிய ஒரு பழைய கேம்கார்டரில், பகல் வேளையில், ஜன்னலில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு மறுபடி எடுத்தோம். முகத்தின் நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை மட்டும் போதுமானதாக இருந்தது. ஏமாற்றிய விற்பனையாளரிடமிருந்து பணம் இன்னும் வரவில்லை. பெட்டியையும், ரசீதையும், அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து நுகர்வோர் புகாராக எழுதிக்கொண்டிருக்கிறேன்.