நாரிப்பட்டி: நீண்ட நாள் பாவித்த அனுபவம்

நாரிக்கு, அதாவது கீழ்முதுகுக்கு, நான் கட்டும் பட்டியின் ஒட்டுப்பட்டி பிய்ந்துபோனதால் நேற்றுத் தையல் கடையில் கொடுத்துப் புதிதாக வைத்துத் தைத்தேன். அதைப் பார்த்த தம்பலகாமத்து நண்பர், "அண்ணன், நானும் இதையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். வயல் வேலை செய்பவர், அவருக்கும் நாரி நோவு.

எனக்கு நான்காம், ஐந்தாம் நாரி முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது. முள்ளந்தண்டில் அதிகம் பிதுங்குபவை இந்தத் தட்டும் இதற்கு அடுத்து கீழே உள்ளதும்தான். மேலுடம்பின் பாரமெல்லாம் வந்து இறங்கும் இடம் அது. தட்டின் வெளிவளையம் கிழிந்தால் உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். எனக்கு நாரியை விடக் காலில்தான் வேதனை. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்புறமாக இறங்கி, புறங்காலில் போய் எரியும். கால் பெருவிரலை மேலே தூக்கக்கூட வலு இருக்கவில்லை.

அந்த நாட்களில் இந்தப் பட்டி செய்த உதவியை மறக்க மாட்டேன். இறுக்கிக் கட்டியதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி நாரிக்கு ஒரு தாங்கல் கிடைக்கும். சட்டென்று குனியவும் விடாது. பட்டி இல்லாமல் கட்டிலை விட்டு எழும்பியிருக்கவே மாட்டேன்.

ஆனால் பின்பக்கத்தில் வைத்திருக்கும் அந்த உலோகத் தகடுகள்! வாங்கும்போது அடிமட்டம் போல நேராக இருந்தன. மனிதனின் நாரி நேராகவா இருக்கிறது? ஐந்து முள்ளெலும்புகளும் முன்பக்கமாக வளைந்தல்லவா நிற்கின்றன? குறட்டால் நானே வளைத்துக்கொண்டேன். நிற்கும்போது சரியாகப் பொருந்தும். உட்கார்ந்தால் நாரியின் வளைவு தட்டையாகிவிடும், தொடை பட்டியை மேலே தள்ளும், தகட்டின் நுனி விலாவில் குத்தும். நான் முச்சக்கர வண்டி ஓட்டுபவன், நாள் முழுக்க உட்கார்ந்துதான் பிழைப்பு. உப்புவெளியிலிருந்து நிலாவெளி போய்ச் சேர்வதற்குள் எத்தனை தரம் கீழே இழுத்துவிடுவது? கச்சான் காற்று வீசும் வெக்கையான மாதங்களில் இதற்குள் வியர்வை ஊறி, இடுப்பைச் சுற்றி வேர்க்குரு. உட்கார்ந்து வேலை செய்பவனுக்கும் நாரி நோகும் என்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டி தட்டை உள்ளே தள்ளிவிடாது, நோவு திரும்பி வராமல் தடுக்கவும் செய்யாது. இப்படிப் பிதுங்குவது பெரும்பாலோருக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும். என்னை நடக்க வைத்ததில் இயன்மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சிக்கும் தினசரி நடைக்கும்தான் பெரிய பங்கு. சிறுநீர் போகாமல் நின்றாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ பட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கவே கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வெக்கையில் வயலில் கட்டினால் வியர்த்துக் கொட்டும்; மாரி காலத்தில் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். என்னுடையதை இன்று காலையும் கட்டிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.