கேரர்ஸ் அலவன்ஸ்: ஒரு பவுண்ட் கூடினால் மொத்தமும் போச்சு

வீட்டில் முடியாதவரைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவருக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை இது. 2025–26இல் வாரத்துக்கு 83.30 பவுண்ட். குறைந்தது 35 மணி நேரம் பராமரித்தால்தான் தகுதி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2.38 பவுண்ட். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி 12.21. தொகை போதாது என்பதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கும் போகிறவரை இது மாட்டிவிடும் விதம்தான் மோசம்.

2025 ஏப்ரலில் வருமான வரம்பு 151இலிருந்து 196 பவுண்டாக உயர்ந்தது. 16 மணி நேரக் கூலியான 195.36ஐ ஒட்டி வைத்த கணக்கு. 17ஆவது மணி நேரமும் வேலை செய்தால் 207.57. அப்போது கூடுதலாக வந்ததை மட்டும் கழிக்க மாட்டார்கள், 83.30ஐயும் முழுதாக நிறுத்திவிடுவார்கள். வாரம் ஒரு பவுண்ட் தாண்டியபடி ஓராண்டு ஓடினால் திருப்பிக் கட்ட வேண்டியது 52 பவுண்ட் அல்ல, 4,331.60 பவுண்ட். சம்பள விவரம் வரித்துறையிலிருந்து, இதை வழங்கும் வேலை, ஓய்வூதியத் துறைக்குக் (DWP) கணினி வழியே வந்துகொண்டுதான் இருந்தது. வந்த எச்சரிக்கைகளில் பலவற்றை அத்துறையில் யாரும் பார்க்காததால் கடன் ஆண்டுக்கணக்கில் ஏறியது. ஏறி இறங்கும் சம்பளத்துக்குச் சராசரி போடும் வழிகாட்டலே தவறாக இருந்தது என்பது, லிஸ் சேய்ஸ் தலைமையிலான சுயாதீன ஆய்வு 2025 நவம்பரில் வெளியானபோது உறுதியானது. பழைய கணக்குகளை மறுபடி பார்ப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. இது பற்றிக் கடிதம் வந்தவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

வரம்பைக் கணக்கிடும்போது பலர் கழிக்க மறப்பது பென்ஷன். கட்டும் தொகையில் பாதியைக் கழிக்கலாம்: வாரம் 200 பவுண்ட் சம்பளம், 10 பவுண்ட் பென்ஷன் என்றால் கணக்கில் வருவது 195. வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினரல்லாத ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தையும், வருமானத்தில் பாதிவரை கழிக்கலாம். மாதச் சம்பளமானால் 12ஆல் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும். 2025–26 வரம்புக்குப் பாதுகாப்பான உச்சம் மாதம் 849 பவுண்ட். போனஸும் சேர்த்தி.

விண்ணப்பிப்பது சிரமமில்லை. ஆன்லைனில் செய்யலாம், இருவரின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் உங்கள் வங்கி, வேலை விவரங்களும் கையில் இருந்தால் போதும். ஆனால் பார்த்துக்கொள்ளப்படுபவர் பிப் (PIP, உடல்நலக் குறைவோ ஊனமோ உள்ளவருக்கான உதவித்தொகை) தினசரி வாழ்க்கைப் பிரிவு, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (முதியோருக்கான அதுபோன்ற தொகை) போன்ற ஒன்றைப் பெற வேண்டும். அந்த முடிவு தாமதமாக வந்தால், வந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். அவருக்குப் பணம் தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் கிடைக்கும். அம்மாவுக்கு 20 மணி, அப்பாவுக்கு 15 மணி என்று கூட்டிக் காட்ட முடியாது. ஒருவருக்கே 35 மணி வேண்டும். பொது நிதி பெறத் தடையுள்ள விசாவில் இருப்பவர்களுக்கு இது இல்லை.

பொத்தானை அமுக்குமுன் ஒன்றைப் பாருங்கள். தனியாக வாழும் அம்மா பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவி) கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகை (2025–26இல் வாரம் 82.90) வாங்கினால், உங்களுக்கு அலவன்ஸ் வரத் தொடங்கியதும் அவருக்கு அது நின்றுவிடும். குடும்பத்துக்கு மிஞ்சுவது 40 பென்ஸ்! நீங்களே அரசு ஓய்வூதியத்தில் இருந்தால் பெரும்பாலும் கையில் ஒன்றும் வராது, தகுதி மட்டும் பதிவாகும். அப்படிப்பட்ட பதிவு அம்மாவின் தொகையைத் தொடாது. உங்கள் பென்ஷன் கிரெடிட்டையும் கூட்டக்கூடும்.

யுனிவர்சல் கிரெடிட் (வேலை செய்யும் வயதில் வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி) வாங்குபவர்களுக்கு இந்த அலவன்ஸ் பவுண்டுக்குப் பவுண்ட் கழிக்கப்படும். உண்மையில் கூடுவது அதிலேயே வரும் கேரர் பங்கு (2025–26இல் மாதம் 201.68 பவுண்ட்). அதை அலவன்ஸுக்கு விண்ணப்பிக்காமலே கேட்கலாம், அதற்கு அலவன்ஸின் வருமான வரம்பும் கிடையாது. பலருக்கு இந்த வழியே நிம்மதி.

1976இல் தொடங்கிய இத்திட்டத்தில் மணமான பெண்களுக்கு 1986வரை இடமே இல்லை. வீட்டில் இருப்பவர்தானே, பார்த்துக்கொள்ளட்டும் என்ற நினைப்பு. அதை மாற்றவும் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இப்போது கேரர்ஸ் யுகே போன்ற அமைப்புகள் தொகையையும் வரம்பையும் சேர்த்தே பேசுகின்றன. வரம்பைத் தாண்டினால் படிப்படியாகக் குறைக்கும் முறையை ஆராய்வதாக நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2024 அக்டோபர் பட்ஜெட்டில் சொன்னார். உங்கள் எம்.பி.க்கு எழுதினால் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: யுனிவர்சல் கிரெடிட்டில் கூடுதல் பவுண்டுக்கு 55 பென்ஸ் மட்டும் கழிக்கத் தெரிந்த அதே துறைக்கு, இங்கே மட்டும் ஏன் தெரியவில்லை?