ஜோடித் தொட்டி என்றுதான் விற்கிறார்கள், ஒற்றையாக வாங்குங்கள்

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். டீ ஃபேக்டரியில் வாடல் பகுதி சூப்பர்வைசர். வீட்டில் இரண்டு கலிஃபோர்னியா கிங் ஸ்னேக் வளர்க்கிறேன். பெரியவன் கருப்பன், மூன்றரை அடி. சின்னவன் இன்னும் ஒன்றரை அடியைத் தொடவில்லை. கருப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை, விஷம் கிடையாது. அம்மாவுக்கு மட்டும் இன்னமும் அது கட்டுவிரியன்தான்.

புரட்டாசியில் மலைக்குக் கீழே ஒரு கடையில், இரண்டு பாம்புக்கு என்று விற்கிற இந்த 'ஜோடித் தொட்டி'யை 8,900 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், பூட்டு வைத்த நகரும் கதவு, ஒரு ஓரத்தில் ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு), அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட், நடுவில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு. கண்ணாடி வேலை சுத்தம், கதவும் பூட்டும் கச்சிதம். குறையெல்லாம் அந்தத் தடுப்பில்தான்.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் நகர்ந்து நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும். கிங் ஸ்னேக்குக்கு ஒரு முனை 30 டிகிரி, மறுமுனை 23, 24 வேண்டும். தொட்டியை நடுவில் மறித்தால் ஒருவனுக்கு அடுப்பங்கரை, இன்னொருவனுக்குத் திண்ணை. ஃபேக்டரியில் தினமும் உலர் குமிழ், ஈரக் குமிழ் (காற்றின் சூட்டையும் ஈரத்தையும் காட்டுகிற தெர்மாமீட்டர்கள்) பார்க்கிற பழக்கத்தில் இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வைத்தேன். ஐப்பசி காலை ஐந்தரைக்கு கருப்பன் பக்கம் 30, சின்னவன் பக்கம் 17. தின்ற எலி செரிக்காமல் கக்கினான். எலிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

அதைவிடப் பெரிய விஷயம் இனிமேல்தான். மற்ற பாம்புகளைத் தின்பதால்தான் இதற்கு 'கிங்' என்று பெயர். அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியனையே விழுங்கும், அந்த விஷம் இதற்கு அவ்வளவாக ஏறாது. தன் இனமாயிற்றே என்றும் பார்க்காது. தடுப்பில் ஓட்டை இருப்பதால் பக்கத்து வாசனை தாராளமாக வருகிறது. தடுப்பு நிற்கிற காடியோ வெறும் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியது. எங்கள் ஊர் கார்த்திகை ஈரத்துக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

ஒரு ராத்திரி இருவருக்கும் எலி போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலை பார்த்தால் தடுப்பின் கீழ்மூலை இரண்டு விரல் விலகியிருக்கிறது. கருப்பனின் பாதி உடம்பு அந்தப் பக்கம். சின்னவனைக் கழுத்துக்குக் கீழே கவ்வி, இரண்டு சுற்று இறுக்கியிருந்தான். சானிடைசர் நனைத்த பஞ்சை வாயோரம் பிடித்தேன். தாடையை ஒவ்வொரு பக்கமாக, அவசரமே இல்லாமல், தளர்த்திவிட்டான். சின்னவன் பிழைத்துக்கொண்டான். நாலைந்து செதில் போனது, இரண்டு முறை சட்டை உரித்த பிறகுதான் ஆறியது.

கடைக்கு ஃபோன் போட்டேன். "வயிறு நிறையப் போடுங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்றார்கள். முந்தின ராத்திரிதான் போட்டிருந்தேன் என்றேன். அதற்குப் பதில் இல்லை, பணமும் திரும்பவில்லை.

இப்போது தடுப்பைக் கழற்றியாகிவிட்டது, நாலு அடியும் கருப்பனுக்கே. சின்னவனுக்கு க்ளிப் மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பா, காற்றுக்கு சோல்டரிங் அயர்னால் சுட்ட ஓட்டை, தனி மேட், தனி தெர்மோஸ்டாட். மொத்தம் 2,300 ஆனது. ஒருவனைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்தவன் பக்கம் போவதில்லை. இனப்பெருக்கத்துக்கு வளர்ப்பவர்கள்கூட வளர்ந்த ஜோடியைக் கொஞ்ச நேரம்தான் சேர்த்து வைப்பார்கள், அதுவும் இரை கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து.

ஒரு பாம்புக்கு என்றால் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். ஜோடிக்கு ஒன்றுகூடக் கிடையாது. பில்லில் தடுப்புக்கு மட்டும் 1,100 ரூபாய் தனி வரியாக இருக்கும். அதை எடுத்துவிடச் சொல்லி வாங்குங்கள்.