“மொஹாவி ஏரிக் கூர்முனை” என்று விற்றார்கள், சோப்புத் தண்ணீரில் சாயம் போனது

கலிபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகஸ் போகும் வழியில் பழங்காலக் கற்கருவி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் அங்கே ஒரு சாலையோரச் சந்தையில் 280 டாலர் கொடுத்து ஏமாந்தேன்.

பையனுக்கு 11 வயது. ஆதிமனிதர் கருவி என்றால் உயிர். கடைக்காரர் காம்பு (தண்டில் செருகிக் கட்டும் அடிப்பகுதி) வைத்த கல் கூர்முனை இரண்டு, கத்தி ஒன்று எடுத்து வைத்தார். “மொஹாவி ஏரி வகை, பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தியது, வறண்ட ஏரிப்படுகையில் என் தாத்தா பொறுக்கியது” என்றார். கூடவே முத்திரை குத்திய சான்றிதழ். எந்த இடத்தில், எந்த வருடம் கிடைத்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பையன் மூன்றையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டான். தண்ணீர் டீ நிறமானது. காம்பும் அலகும் (கூரான மேல்பகுதி) சேரும் குழிவில் ஒட்டியிருந்த மணல், பசையோடு தோலாக உரிந்து வந்தது. அடியில் கல் புத்தம்புதிதாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பையன் ஒன்றுமே பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் ஒரு தொல்லியல் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் முனையை விட்டுவிட்டு முதலில் காம்பைத்தான் பார்த்தார். கேம்ப்பெல் தம்பதி என்ற தொல்லியலாளர்கள் 1930களில் மொஹாவி பாலைவனத்து வறண்ட ஏரிக்கரைகளில் ஆராய்ந்து, 1937இல் வெளியிட்ட கூர்முனை வகைகள் இரண்டு: மொஹாவி ஏரி, சில்வர் ஏரி. மொஹாவி ஏரி வகையில் காம்பு நீளம், பெரும்பாலும் அலகைவிட நீளம். கீழே குறுகி உருண்டு முடியும், தோள், அதாவது காம்பும் அலகும் சேரும் இடத்துப் புடைப்பு, லேசாகத்தான் தெரியும். சில்வர் ஏரி வகையில் காம்பு குட்டை, தோள் எடுப்பு. காம்பின் ஓரங்களை அந்தக் காலத்தவர் தேய்த்து மழுக்கிவிடுவார்களாம், இல்லாவிட்டால் தண்டோடு கட்டும் தசைநார் அறுந்துவிடும். என்னுடையதில் விரலை ஓட்டினேன், பிளேடு மாதிரி கீறியது.

கத்தியைப் பத்து மடங்கு லென்ஸில் காட்டினார். விளிம்பில் செம்புத் துகள் மினுங்கியது. இந்தக் காலத்தவர் செம்பு முனையால் அழுத்திச் சில்லு பெயர்த்த தடம் அது. மணற்காற்று ஆயிரக்கணக்கான வருடம் அறைந்த கல்லில் சில்லுத் தழும்புகளின் வரம்பு மழுங்கியிருக்கும். இதில் ஒவ்வொரு வரம்பும் கூராக நின்றது. உழைத்த கத்தி திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டுப் பல நேரம் கோணலாகிவிடும் என்றார். என்னுடையது மாவிலை மாதிரி இரு பக்கமும் ஒரே அளவு. அந்த அழகைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அசலாகவே இருந்திருந்தாலும் தலைவலிதான். அந்தப் பாலைநிலத்தில் பெரும்பகுதி அரசு நிலம். அங்கே அனுமதியில்லாமல் தோண்டியெடுத்த தொல்பொருளை வாங்குவதும் விற்பதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கடைக்காரரைக் கூப்பிட்டால் “விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்கிறார். கிரெடிட் கார்டு நிறுவனத்தில் ஆசிரியரின் கடிதத்தோடு புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.