ஆன்ட்கான்க்: திருமண அழைப்பிதழ்களின் மொழியை ஆராய ஒரு தொடரடைவு மென்பொருள்

திருமண அழைப்பிதழ் அநேகமாக எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் வந்து சேரும் ஓர் எழுத்து வடிவம். ஒருவரைத் தம் வேலையை விட்டுவிட்டு, பயணச் செலவும் செய்து, குறித்த நாளில் குறித்த இடத்திற்கு வரும்படி இணங்கவைப்பதே அதன் நோக்கம். ஆனால் அதில் வற்புறுத்தல் இருப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. அந்த இணக்குவித்தல் எந்தச் சொற்களில் தங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக, எங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த அழைப்பிதழ்களை, ஆட்பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஆன்ட்கான்க் மென்பொருளில் இட்டேன். சில மாதங்கள் அதனோடு பழகிய பிறகு, தமிழில் இத்தகைய ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கிய இந்த மென்பொருள் 2002இல் முதன்முதலாக வெளிவந்தது. முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். சங்க இலக்கியத்திற்கு முனைவர் ப. பாண்டியராஜா இணையத்தில் அளித்துள்ள தொடரடைவுகளைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் அடிப்படையை விளக்க வேண்டியதில்லை: ஒரு சொல்லைக் கேட்டால், அது வரும் இடங்களை எல்லாம் முன்பின் சொற்களோடு வரிசையாகக் காட்டுகிறது. அங்கே பனுவல்கள் ஏற்கெனவே தரப்பட்டிருக்கின்றன. இங்கே நம் பனுவல்களை நாமே கொண்டு வரலாம் என்பதுதான் வேறுபாடு. ஒரு சொல்லின் பொருளை அதனோடு கூடிவரும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1950களில் வலியுறுத்தினார். அவர் வழிவந்த ஜான் சின்க்ளேர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அக்கருத்தைக் கணினித் தரவகத்தின் (ஆய்வுக்காகத் திரட்டிய பனுவல் தொகுப்பின்) மீது நிறுத்தி, 1987இல் ஓர் ஆங்கில அகராதியையே வெளிக்கொணர்ந்தார். பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கைகூடியிருந்த அந்த முறையைத் தனி மாணவர் ஒருவரின் மடிக்கணினிக்குக் கொண்டுவந்ததே ஆன்ட்கான்க்கின் பெருமை.

தமிழுக்கு இதைப் பயன்படுத்துவோர் முதலில் ஓர் அமைப்பைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். யூனிகோடு முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகளாகக் கருதப்படுவதில்லை. அவை ‘மார்க்’ என்னும் தனி வகையில் வைக்கப்பட்டுள்ளன. சொல் என்பது எதனால் ஆனது என்று மென்பொருளுக்கு உரைக்கும் ‘டோக்கன்’ வரையறையில் எழுத்து வகையை மட்டும் தேர்ந்திருந்தால், ‘சுற்றமும்’ என்ற ஒரு சொல் ‘ச’, ‘ற’, ‘றம’, ‘ம’ என நான்கு துண்டுகளாகச் சிதைந்துவிடும். மார்க் வகையையும் சேர்த்துத் தேர்ந்தால் சொல் முழுமையாக நிற்கும். நான்காம் பதிப்பில் தரவகம் ஒரு தரவுத்தளமாகக் கட்டப்படுவதால், இந்தத் திருத்தத்தைப் பிறகு செய்தால் தரவகத்தை முதலிலிருந்து மீண்டும் கட்ட வேண்டும். நான் அவ்வாறு இரண்டு முறை கட்டினேன். தமிழ் எழுத்து முறையை அறியாமல் ஒரு மாணவர் இந்தச் சிதைந்த துண்டுகளை எண்ணி ஆய்வேட்டில் அட்டவணையாகப் போட்டுவிடக்கூடும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

அந்தத் தடையைக் கடந்து ‘க்விக்’ என்னும் தொடரடைவுப் பக்கத்திற்கு வந்தபோது, எனக்கு நன்கு பழகிய மொழியே புதிதாகத் தெரிந்தது. ‘சூழ’ என்று தேடினால் இடப்பக்கத்தில் பெரும்பாலும் ‘சுற்றமும் நட்பும்’, வலப்பக்கத்தில் ‘வருகை தந்து’ அல்லது ‘வந்திருந்து’. அழைக்கப்படுபவர் தனி மனிதராக அழைக்கப்படுவதில்லை. தமக்கென ஒரு சுற்றத்தை உடையவராக, அதற்கு நடுவில் நிற்பவராக அவரை அந்தத் தொடர் உயர்த்திவிடுகிறது. ‘வாழ்த்தியருளுமாறு’ என்ற சொல்லை வரிசையாகப் படித்தபோது, ‘அருள்’ என்னும் துணைவினை விருந்தினரை வரம் தருபவரின் இடத்தில் வைப்பதையும், ‘-மாறு’ என்னும் ஈறு ஏவலின் கூர்மையை மழுக்குவதையும் ஒருசேரக் கண்டேன். ‘வாருங்கள்’ என்ற நேர் ஏவல் அச்சிட்ட அழைப்பில் அரிதாகவே வருகிறது.

இன்னும் ஆழமானது ‘எங்கள்’, ‘நம்’ என்னும் இரண்டின் வேறுபாடு. கேட்பவரை விலக்கி ‘எங்கள்’ என்றும், அவரையும் உளப்படுத்தி ‘நம்’ என்றும் சொல்லத் தமிழில் இடம் உண்டு. அச்சில் ‘எங்கள் இல்லத் திருமணம்’ என்று இருக்கும் அதே அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து கொடுக்கும் பெரியவர், ‘நம்ம வீட்டுக் கல்யாணம், நீங்கதான் முன்ன நின்னு நடத்தித் தரணும்’ என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தாளின் பணிவும் வாய்மொழியின் உரிமையும் சேர்ந்துதான் அந்த அழைப்பை மறுக்க முடியாததாக ஆக்குகின்றன. அந்த வாய்மொழி எந்தத் தரவகத்திலும் இல்லை. எழுத்துத் தரவகத்தை மட்டும் நம்பி ஆராய்பவர் பாதி அழைப்பைத்தான் ஆராய்கிறார் என்பதை இந்த மென்பொருள் எனக்கு மறைமுகமாக உணர்த்தியது.

‘பிளாட்’ என்னும் வசதி, ஒரு சொல் ஒவ்வொரு கோப்பிலும் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும். ‘அழைக்கிறோம்’ என்பதற்கு இதை இயக்கியபோது கோடுகள் எல்லாம் கடைசிப் பகுதியில் போய்க் குவிந்தன. அழைப்பிதழின் உடற்பகுதி பெரும்பாலும் ஒரே நீண்ட வாக்கியம். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால், ஆண்டும் மாதமும் நாளும், தாத்தா பாட்டியின் பெயர்களும், மணமக்களின் பெயர்களும், மண்டபமும், சுற்றமும் நட்பும் எல்லாம் மதிப்போடு வந்து அமர்ந்த பிறகுதான் வேண்டுகோள் வெளிப்படுகிறது.

சொற்பட்டியல், ஒரு தொகுப்பில் மற்றொன்றைவிட மிகுதியாக வரும் சொற்களைக் காட்டும் முதன்மைச்சொல் பட்டியல் ஆகியவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல கருத்து இல்லை. சடங்குமுறைத் திருமண அழைப்பிதழ்களையும் சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 1967இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளித்தது என்பதை அறிவோம்; அதன் மொழி அந்தச் சட்டத்திற்கு முன்பிருந்தே தனக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ‘நிகழும் மங்களகரமான’, ‘சுபயோக சுபதினத்தில்’. மறுபக்கம் ‘திருவள்ளுவர் ஆண்டு’, ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’, ‘தலைமையில்’. இந்த வேறுபாட்டை முதன்மைச்சொல் கணக்கீடு ஓரளவு பிடித்துக் காட்டியது. ஆனால் பட்டியலின் உச்சியை ஊர்ப்பெயர்களும் மண்டபப் பெயர்களும் நிரப்பிவிட்டன. என்னுடையது போன்ற சிறிய தரவகத்தில் அது தவிர்க்க முடியாதது. அதைவிடப் பெரிய குறை, ‘திருமணம்’, ‘திருமணத்தில்’, ‘திருமணத்திற்கு’, ‘திருமணத்திற்குத்’ ஆகியவை நான்கு வேறு சொற்களாக எண்ணப்படுவது. வேற்றுமை உருபு ஒட்டுவதோடு நில்லாமல், அடுத்த சொல்லின் வல்லினம் மிகுவதாலேயே ஒரு சொல் இரண்டாகிவிடுகிறது. சொற்களைத் தலைச்சொல்லின் கீழ்த் தொகுக்கும் பட்டியலை நாமே தயாரித்து இணைக்க வழி இருக்கிறது. தமிழுக்கு அதைத் தயாரிக்கும் உழைப்பு ஒரு தனி ஆய்வேட்டுக்குச் சமம்.

உடுக்குறியைப் பயன்படுத்தி ‘அழை*’ என்று தேடினால் ‘அழைக்கிறோம்’, ‘அழைக்கின்றோம்’, ‘அழைப்பு’ எல்லாம் ஒன்றாகக் கிடைப்பதால் இந்தக் குறை தேடலில் பெரிதும் தணிகிறது. ஈறுகளைத் தேடுவது சற்றுக் கடினம். ‘-ஆக’ என்று முடியும் சொற்களைத் தேட, தனித்த காற்குறியை விசைப்பலகையில் கொண்டுவர இயலாமல், வேறொரு சொல்லிலிருந்து வெட்டி ஒட்டினேன். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக உள்ளிடப்பட்ட ‘கொ’வும், ஒரே குறியீடாக உள்ளிடப்பட்ட ‘கொ’வும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. கோப்புகளை முன்னதாகவே ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. பழைய எழுத்துருக்களில் அச்சகம் வடிவமைத்த கோப்புகளை அப்படியே இடுவதும் பயன் தராது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இடைமுகம் ஆங்கிலத்தில் இருப்பது தமிழிலக்கிய மாணவர்களைச் சிறிது தயங்க வைக்கலாம். ஒரு வாரப் பழக்கத்தில் அது நீங்கிவிடும். சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஸ்கெட்ச் எஞ்சின் போன்ற சேவைகளில் ஆயத்தமான பெரிய தரவகங்கள் கிடைக்கின்றன என்றாலும், நம் கையிலுள்ள சிறிய, தனித்தன்மை வாய்ந்த எழுத்துகளை நெருங்கிப் படிக்க ஆன்ட்கான்க்கையே பரிந்துரைப்பேன். எண்களைத் தரும் பக்கங்களைவிட வரிகளைத் தரும் பக்கத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். நானும் இப்போது சொற்பட்டியலைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும், சொற்கள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகத் திறக்கிறேன். அதன் பிறகு முழுப்பொழுதும் தொடரடைவிலேயே கழிகிறது. அடுத்ததாகக் காதணி விழா, புதுமனை புகுவிழா அழைப்பிதழ்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.