எஸ்டோனியாவின் இரண்டாம் தூண்: விட்டுவைப்பதா, எடுத்துவிடுவதா?

எஸ்டோனியாவில் ‘இரண்டாம் தூண்’ எனப்படும் ஓய்வூதிய நிதியை 2021 முதல் முன்கூட்டியே எடுக்கலாம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் எடுத்துவிட்டார்கள். எடுக்காதவர்கள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாதச் சேமிப்பு
விட்டுவைத்தால்: சம்பளத்தில் 2 சதவீதம் போகும், முதலாளி கட்டும் சமூக வரியிலிருந்து அரசு 4 சதவீதம் சேர்க்கும். 2025 முதல் தன் பங்கை 4 அல்லது 6 ஆக உயர்த்தலாம்.
எடுத்தால்: அந்த 2 கைக்கு வரும். அரசின் 4 காணாமல் போகாது, முதல் தூணுக்கு, அதாவது அரசின் பொது ஓய்வூதியத்துக்கு, போகும். ஆனால் அது உங்கள் பெயரில் உள்ள பணமல்ல, வாரிசுக்கும் சேராது. பலர் கவனிக்காத இடம் இதுதான்.

வரி
விட்டுவைத்தால்: ஓய்வுக்காலத்தில் மொத்தமாக எடுத்தால் 10 சதவீதம், நீண்டகாலத் தவணையாக வாங்கினால் வரியே இல்லை.
எடுத்தால்: இப்போது 22.

மனம் மாறினால்
எடுத்தவர் திரும்பிச் சேர 10 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது? அதிக வட்டிக் கடனில் மூழ்கியிருப்பவர் எடுப்பதில் நியாயம் உண்டு. வங்கியில் சும்மா போட எடுப்பது வீண். 2022இல் பணவீக்கம் 19 சதவீதத்தைத் தாண்டியது, அப்படிப் போட்டவர்களுக்குத் தெரியும். இளைஞர் என்றால் விட்டுவைப்பதே என் கட்சி.